வாய்க்கால் எல்லை தாண்டும் இடத்தில் ஒரு வலை

நெய்வேலி நகரியத்தின் மழைநீர் வாய்க்கால்கள் நகரியத்தை விட்டு வெளியேறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வலை கட்ட வேண்டும். வலைக்கு முன்னால் மண் படிய ஒரு தொட்டி வேண்டும். சிக்குவதை எடைபோட்டு, எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிப்போட வேண்டும். அதே வாய்க்கால் அடுத்த ஊராட்சியைத் தாண்டும் இடத்தில் இன்னொரு வலை, அதற்கடுத்த பேரூராட்சியைத் தாண்டும் இடத்தில் மற்றொன்று என்று பெருமாள் ஏரி வரைக்கும் இது போக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. திறந்தவெளிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் பம்பு ஓட்டிப் பணி ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். கலங்கல் தண்ணீரோடு பழகிய பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சுரங்கத்துக்குள் இரண்டு வகைத் தண்ணீர் வரும். ஒன்று கீழிருந்து வருவது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. ஆழ்குழாய் போட்டு அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். விட்டுவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துத் தண்ணீர் பொங்கும். அது தெளிந்த தண்ணீர். இன்னொன்று மேலிருந்து வருவது, மழை. சரிவுகளில் கிடக்கும் மேல்மண், களி, கரித்தூள் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு பள்ளத்தின் அடிமட்டத்துக்கு வந்து சேரும். அங்கே வெட்டி வைத்திருக்கும் பெரிய குட்டைக்குச் சம்ப் என்று பெயர்.

கலங்கலை நேராகப் பம்புக்குக் கொடுக்காதே என்பதுதான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு முதலில் சொல்லித்தந்த பாடம். மணல் உள்ளே போனால், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அரித்துவிடும். கட்டையோ கந்தலோ போனால் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். அதனால் தண்ணீரைச் சம்பில் நிறுத்தி, ஓட்டத்தை அடக்கி, மண்ணைப் படியவிடுவோம். உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்ட்ரெய்னர் இருக்கும், ஓட்டை போட்ட இரும்புக் கூடை. ஷிப்ட் மாறும்போது கூடையைப் பார்த்தாயா என்று கேட்காமல் யாரும் பொறுப்பை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

எது எவ்வளவு நேரத்தில் படியும் என்பதும் அங்கேதான் கைவந்தது. மணல் சில நிமிடங்களில் அடியில் உட்கார்ந்துவிடும். களிமண்ணுக்கு நாள்கணக்கு ஆகும். பழுப்பு நிலக்கரித் தூள் இவை இரண்டிலும் சேராது. மணல் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். பழுப்பு நிலக்கரியோ தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அதனால் அந்தத் தூள் ஓடுகிற தண்ணீரில் மிதந்தபடியே நெடுந்தூரம் போய், ஓட்டம் ஓயும் இடத்தில்தான் இறங்கும். எங்கள் பக்கத்தில் ஓட்டம் ஓயும் இடம் ஏரி.

தெருவுக்கு வருவோம். சாலையும் வடிகாலும் மரமும் சேர்த்துத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. வட்டம் என்று நாங்கள் சொல்லும் பிளாக்குகளாக வீடுகள், ஓரத்தில் வாய்க்கால். நாற்பது நாள் வெயில் காய்ந்த பிறகு முதல் மழை பெய்யும்போது எந்த வட்டத்திலாவது வாய்க்கால் ஓரத்தில் நின்று பாருங்கள். முதலில் வருவது கறுப்புத் தண்ணீர். சாலையில் படிந்த கரித்தூள், சாம்பல், டயர் தேய்ந்த பொடி, வண்டி நிற்கும் இடத்தில் சொட்டிய ஆயில் எல்லாம் அதில் இருக்கும். பின்னாலேயே காகிதக் கப்பு, பான்மசாலா பாக்கெட், தண்ணீர் பாட்டில், துணிபோலத் தோன்றும் பிளாஸ்டிக் பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை செய்த பொருள்கள் வாய்க்காலில் இன்னும் மிதந்து போகின்றன. அரைமணி நேரம் மழை நின்று பெய்தால் தண்ணீர் தெளிந்துவிடும். அதற்குள் தெருவின் அழுக்கில் பெரும்பகுதி ஊரைத் தாண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காத சரக்கு ஒன்று உண்டு, இலை. நெய்வேலிக்கு மரம்தான் அழகு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் சாய்த்த மரங்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அவற்றுக்குப் பதிலாக வைத்தவை இன்று நிழல் தருகின்றன. மரத்தின்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தார்ச்சாலையிலும் சிமென்ட் வாய்க்காலிலும் விழுந்த இலைக்கு மண்ணில் மக்க வழியில்லை. அது தண்ணீரில் ஊறும். டீத்தூளைப்போலச் சாறு இறங்கும். அந்தச் சாற்றில் பாஸ்பரஸ் இருக்கிறது. ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைக்கும் உரம் அதுதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், ஏரிகளுக்குப் போகும் தெருநீரை அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனம் அளந்து பார்த்தது. இலையுதிர் காலத்தில் மழைக்கு முன்பே தெருவில் இலையை அள்ளிவிட்டால், ஓடிவரும் தண்ணீரில் மொத்த பாஸ்பரஸ் 84 விழுக்காடு குறைந்தது என்று 2016-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அதன் பிறகு வரும் கோடை மழையும், ஐப்பசிக் காற்றில் பச்சையாகவே உதிர்வதும் சேர்ந்து இங்கேயும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே மழைக்கு முந்திய நாள் வாரும் துடைப்பம்தான் முதல் வடிகட்டி. வலை அதற்கு அடுத்தது.

இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? எங்கள் பக்கத்து ஓடைகள் பரவனாற்றைத் தேடிப் போகின்றன. பரவனாறு குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் பெருமாள் ஏரிக்குப் போகிறது. ஏரியை விட்டு இறங்கிய தண்ணீர் கடலூர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. பெருமாள் ஏரியை நம்பி 6,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. என் மனைவியின் தம்பி அந்த ஏரியின் ஆயக்கட்டில் நெல் போடுகிறவர். தை மாதம் கதிர் பார்க்கப் போனபோது வரப்பில் நின்று சொன்னார்: “மாமா, மடையைத் திறந்தா தண்ணியோட உங்க ஊரு பாட்டிலும் பையும் வருது. அதக் கையால பொறுக்கிப் போட்டுடுவேன். கறுப்பா ஒரு வண்டல் படியுது பாருங்க, அத நான் என்ன பண்றது?” நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

வண்டல் ஓர் ஏரியை என்ன செய்யும் என்பதற்கு வாலாஜா ஏரியைப் பார்த்தால் போதும். கரைமேட்டுப் பக்கம் இருக்கும் அந்த ஏரி சுரங்கத்துத் தண்ணீரோடு வந்த கரிச்சேற்றாலும் மண்ணாலும் தூர்ந்து, பல ஆண்டுகள் ஏரி என்ற பெயர் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. பிறகு, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வாரி, கரை உயர்த்தி, மறுபடி தண்ணீர் தேக்கினார்கள். அது நல்ல வேலை. அதில் உழைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏரிக்குள் இறங்கிய மண்ணை அள்ளப் பிடிக்கும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், அதே மண்ணை வாய்க்காலிலேயே மறித்து அள்ள. ஏரியில் அள்ளுவது தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஒப்பந்தம். வாய்க்காலில் அள்ளுவது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இரண்டு ஆளும் ஒரு டிராக்டரும் செய்து முடிக்கும் வேலை.

வண்டலைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஏரிகளில் வைத்த குமிழித் தூம்பில் தண்ணீர் போக நீரோடித் துளை ஒன்றும், அடியில் சேறு போகச் சேறோடித் துளைகளும் இருந்தன. சேற்றுக்கு வழி வைத்துவிட்டுத்தான் ஏரிக்குக் கரை போட்டார்கள். இன்று சென்னை மாநகராட்சியும் மழைநீர் வடிகால்களில் வண்டல் வடிகட்டித் தொட்டிகள் வைக்கிறது. பருவமழைக்கு முன் அவற்றைத் தூர்வாரும் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. கூவத்தில் மிதவைத் தடுப்பு போட்டு மிதக்கும் பிளாஸ்டிக்கை ஓரம் கட்டியதும் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவினானா என்ற சிறு நகரம் 2018-இல் இரண்டே வடிகால் வாய்களில் வலை கட்டியது. சில மாதங்களில் 370 கிலோ குப்பை சிக்கியது. பை நிறைந்ததும் கிரேன் வைத்த லாரி வந்து தூக்கும், கவிழ்க்கும், திரும்ப மாட்டும். அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வந்தன. பார்த்தவர்கள் பலர் இதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்றார்கள்.

வேண்டும்தான். ஆனால் நெய்வேலியின் மழை குவினானாவின் மழை இல்லை. 2015 நவம்பர் 9, 10 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் மனித உயிர்கள் போயின. அப்படி ஒரு நாளில் வாய்க்காலின் வாயை ஒரு வலை அடைத்துக்கொண்டு நின்றால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் ஏறும். அதனால் வலை வாய்க்காலின் முழு உயரத்துக்கும் இருக்கக் கூடாது. பாதி உயரம் போதும். அதற்கு மேலே தண்ணீர் வழிந்தோடத் திறந்த வழி வேண்டும், ஏரிக்குக் கலிங்கு இருப்பதைப்போல. முதல் மழையின் கறுப்புத் தண்ணீர் தாழ்வாகத்தான் ஓடும், அது வலைக்குள் போகட்டும். பெருவெள்ளம் மேலே தாண்டிப் போகட்டும். கூடவே, அளவுக்கு மீறிப் பாரம் ஏறினால் வலை தானே கழன்று ஓரத்தில் சங்கிலியில் தொங்கும்படி கொக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் பணிமனைகளில் ஒரு வெல்டரும் இரண்டு பயிற்சியாளர்களும் ஒரு வாரத்தில் செய்துவிடும் சாமான்கள். இரும்புக் கிராதி, கம்பி வலை, கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு, சங்கிலி. இத்தனை இருந்தால் முதல் வலை தயார்.

இதைவிடக் கடினமான வேலை வலையைக் காலி செய்வது. நாட்டில் எத்தனையோ வடிகட்டிகள் கட்டிய அன்று படம் எடுத்ததோடு சரி. நிறைந்த வலை வடிகட்டாது. அதில் ஊறும் இலை இன்னும் அதிகச் சாற்றை இறக்கும், கொசு முட்டை போடும், வாய்க்கால் எதிர்த்துக்கொள்ளும். பிறகு யாரோ ஓர் இரவில் கடப்பாரையால் பெயர்த்துவிடுவார்கள், பெயர்த்தவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. எனவே எத்தனை வலை என்று கேட்பதற்கு முன் எத்தனை ஆள் என்று கேளுங்கள். மழை ஓய்ந்த 24 மணி நேரத்துக்குள் காலி செய்ய ஆளும் வண்டியும் சம்பளமும் ஒதுக்க முடியாத இடத்தில் வலையே கட்ட வேண்டாம். பத்து வலை கட்டி ஏழு அடைத்துக் கிடப்பதைவிட இரண்டு கட்டி இரண்டும் நடப்பது மேல்.

அந்த ஆள் யார் என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் ஊரில் வாய்க்கால் என்றதும் இடுப்பளவு தண்ணீரில் வெறும் காலோடு இறங்கும் ஒரு மனிதர்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார், அதுவும் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் என்பதுவரைக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்ச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. மழைநீர் வாய்க்கால் வேறு என்று நுணுக்கம் பேச இடமில்லை. நம் மழைநீர் வாய்க்கால் பலவற்றில் கழிவுநீரும் கலக்கிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் பாம்பும் எல்லா வாய்க்காலிலும் உண்டு. வலை மேலே நின்றபடி செயின் பிளாக்கில் தூக்கும்படிதான் இருக்க வேண்டும். மண்தொட்டி, ஆள் இறங்காமல் ஜேசிபி பக்கெட் எட்டும் அகலத்தில் இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே இறங்கினால்தான் சுத்தமாகும் என்ற வடிவத்தை யார் கொண்டுவந்தாலும், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வலையால் முடியாதது எது என்பதையும் மறைக்கக் கூடாது. கரைந்ததை வலை பிடிக்காது. சோப்புத் தண்ணீரைப் பிடிக்காது. உலோகத்தில் ஒரு பங்கு மண்ணில் ஒட்டிக்கொண்டு தொட்டியில் படியலாம், மீதி தண்ணீரோடே போகும். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் மண்ணையும் நீரையும் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருந்த இடங்களை அது சுட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அது ஆலையின் வாயிலிலேயே அடைக்க வேண்டிய விஷயம், தெருமுனை வலை அதற்குப் பதில் ஆகாது. வலை கட்டிவிட்டோம், ஏரி சுத்தமாகிவிட்டது என்று யாராவது பலகை வைத்தால் முதலில் எதிர்த்துப் பேசுகிறவன் நானாக இருப்பேன். சுரங்க நீர், சாம்பல் நீர், வீட்டுக் கழிவுநீர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. நான் கேட்பது தெருவின் கணக்கை மட்டும்.

கணக்கு என்றதும் எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். நகரியத்தை என்.எல்.சி.யின் நகர நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. சாலையைத் தாண்டினால் இந்திரா நகர், அது வடக்குத்து ஊராட்சி. மந்தாரக்குப்பம் கங்கைகொண்டான் பேரூராட்சிக்குள் வருகிறது. வடலூர் நகராட்சி, குறிஞ்சிப்பாடி பேரூராட்சி, நடுவில் பல ஊராட்சிகள். ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். வாய்க்கால் மட்டும் எல்லோர் வழியாகவும் ஓடுகிறது. ஏரிக்கரையில் குப்பை ஒதுங்கினால் மேலே இருக்கிறவர்கள் போட்டது என்பார்கள். மேலே கேட்டால் எங்கள் தெரு சுத்தம், வெளியாட்கள் கொட்டுகிறார்கள் என்பார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனாலேயே எதுவும் நடப்பதில்லை.

வலையை ஏரி முகத்தில் மட்டும் கட்டினால் இந்த வழக்கு தீராது. எல்லையில் கட்டினால் தீரும். நகரியத்தின் கடைசி மதகில் சிக்கியது நகரியத்தின் சரக்கு. ஊராட்சி எல்லையில் சிக்கியது ஊராட்சியின் சரக்கு. இலை எவ்வளவு, மண் எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று மூன்று வரி. ஒவ்வொரு மழைக்கும் தேதி போட்டு வலைக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையில் எழுதட்டும். கிராமசபைக் கூட்டத்தில் அதை வாசிக்கட்டும். நகரியத்துக்குக் கிராமசபை கிடையாது. ஆனால் பள்ளிக்கூடங்கள் உண்டு, தொழிற்சங்கங்கள் உண்டு, மக்கள் கூடும் புத்தகக் கண்காட்சி உண்டு. அங்கே வைக்கலாம். சுரங்கத்தில் எத்தனை டன் கரி, எத்தனை கனமீட்டர் மேல்மண், எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் எழுதிப் பழகிய ஊர் இது. தெருவிலிருந்து போகிற மண்ணை எடைபோடுவது இந்த ஊருக்குக் கைவராத வித்தையா என்ன?

எண் தெரிந்தால் என்ன மாறும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அடுத்த மழையில் பை எடை கூடினால், கோளாறு சந்தை கூட்டும் நேரத்தில் இருக்கிறது என்று தெரியும். மண் எடை திடீரென ஏறினால் மேலே எங்கோ கட்டட வேலைக்கு மணல் குவித்துக் கிடக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். மண் கறுப்பாக வந்தால் தார்ப்பாய் மூடாமல் போகும் கரி லாரி எந்த வழியில் ஓடுகிறது என்று கேட்கலாம். சம்பில் எங்கள் ஆட்கள் சேற்றின் நிறத்தை வைத்தே எந்தச் சரிவு அரிக்கிறது என்று சொல்லுவார்கள். அதே அறிவு தெருவுக்கும் உதவும்.

மைத்துனரிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வலையில சிக்கினத எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க மாமா? திரும்ப எங்க பக்கந்தானா?” நியாயமான கேள்வி. இலையை அந்தந்த வட்டத்திலேயே குழி எடுத்து உரமாக்கலாம், இடத்துக்கு நகரியத்தில் பஞ்சமில்லை. பிளாஸ்டிக்கைக் காயவைத்து மறுசுழற்சிக்கும், அதற்கும் ஆகாததைச் சிமென்ட் ஆலைக்கும் அனுப்பலாம். தொட்டியில் படிந்த மண்தான் சிக்கல். கரியும் சாம்பலும் கலந்த மண்ணை வண்டல் என்று சொல்லி எந்த விவசாயியின் வயலிலும் கொட்டக் கூடாது. முதல் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு தொட்டியின் மண்ணிலும் மாதிரி எடுத்துப் பாதரசம், ஈயம், ஆர்செனிக், குரோமியம் எவ்வளவு என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை அந்த மண்ணைத் தார்ப்பாய் போட்டு நகரியத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். சோதனை முடிவின் ஒரு படி ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்துக்கும் போக வேண்டும்.